ஒரு ஆர்கான் சிலிண்டருக்காக

பல்கலைக்கழகக் கொள்முதல் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்கு ஆர்கான் வாயு சிலிண்டர் வாங்கும் கோப்பு எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் கொடுத்தோம், ஆவணி வந்துவிட்டது. கொட்டேஷன் ஒன்றில் தேதி இல்லை என்று ஒருமுறை திரும்பியது. திருத்திக் கொடுத்தால், கெடு முடிந்துவிட்டது என்று மறுபடியும் திரும்பியது. தயவுசெய்து அதில் கையெழுத்திடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கம் பொறுக்கி வந்த நுங்கு மட்டையைக் காயவைத்துப் பொடித்து, யூரியா கலந்து உலையில் வைத்தேன். 900 டிகிரியில் யூரியாவிலிருக்கும் நைட்ரஜன் கரிக்குள் ஏறும். கார்பன் இருந்த இடத்தில் அது உட்கார்ந்தால் பக்கத்துக் கார்பனின் மின்சுமை மாறி, ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டும். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலத்தில் விலை உயர்ந்த பிளாட்டினம் செய்கிற வேலை இது. நைட்ரஜன் ஏற்றிய கார்பன் நானோகுழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தை மிஞ்சும் என்று 2009லேயே காட்டியிருக்கிறார்கள். அமிலத்தில்தான் இன்னும் இழுபறி.

காற்று புகுந்து கரி எரிந்துவிடாமலிருக்க, உலை ஆறும்வரை ஆர்கான் ஓடவேண்டும். சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம் என்று தெரிந்தேதான் வைத்தேன், வேறு வழியில்லை. ஆறு மணிக்கு மேல் பெண் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்பதால் விடுதிக்குப் போய்விட்டேன். காலையில் மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. காற்று புகுந்திருக்கிறது. பொடி வைத்த அலுமினாப் படகில் (சூடு தாங்கும் சின்னத் தட்டு) கரி இல்லை. ஊதினால் பறக்கிற சாம்பல்தான் இருந்தது. பதினோரு நாள் வேலை. மாதிரியை அளக்கக் காரைக்குடி ஆய்வகத்தில் வாங்கியிருந்த நாளும் போயிற்று.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரிக்கும் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அரசில் 2023இல் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இங்கே மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள் திரவ ஹைட்ரஜனில் ராக்கெட் எஞ்சினையே ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கலத்தின் விலையைக் குறைக்கத்தான் நாங்கள் பனங்கரியோடு மல்லுக்கட்டுகிறோம். எங்களுக்கு ஒரு சிலிண்டர் கிடைக்க ஐந்து மாதம் போதவில்லை. எங்கள் உதவித்தொகைக்குக் கால வரம்பு உண்டு, உங்கள் மேசையில் இருக்கும் கோப்புக்குக் கிடையாது. "அப்புறம் வாம்மா" என்று எத்தனை முறைதான் கேட்பது?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே கையெழுத்திடுங்கள். இனிமேல் சிலிண்டர் நிரப்பத் துறைத்தலைவரின் ஒப்புதலே போதும் என்று ஒரு உத்தரவும் போடுங்கள். நுங்குக் காலம் முடிந்துவிட்டது. சாக்கில் இன்னும் இரண்டு படி பொடிதான் இருக்கிறது. அதையும் சாம்பலாக்க எனக்கு மனசில்லை.

பணிவுடன்,
வேதியியல் ஆய்வு மாணவி,
திருநெல்வேலி