எங்கள் இடுகாட்டுக்கு வீட்டு எண் கிடையாது, ஐயா

மதிப்பிற்குரிய மாவட்ட அதிகாரி அவர்களுக்கும், நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

விஷயம் உங்கள் இருவருக்கும் தெரியும். தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதிக்குள்) மாட்டிக்கொண்ட, எங்கள் இடுகாட்டுக்குப் போகிற பழைய இரண்டாம் டிவிஷன் சாலை, அதன் வாசலில் முளைத்த கார்டு ஹவுஸ் என்ற காவல் சாவடி, நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள், உங்கள் தரப்பிலிருந்து வந்த ஒரு "பார்க்கிறோம்". அதையெல்லாம் மறுபடியும் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டுப் பாட்டி தவறிவிட்டார். 84 வயது. இந்தத் தோட்டத்தில் ரப்பர் இருந்தவரை மரம் சீவியவர், செம்பனை வந்த பிறகு குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவர். பிற்பகல் மூன்று மணிக்குப் பிணம் எடுத்தோம். முன்னால் சவ வண்டி, பின்னால் மேளக்காரர்கள் ஏறிய லோரி, இருபது மோட்டார் சைக்கிள், கடைசியில் பெண்களை ஏற்றிக்கொண்டு என் பள்ளி வேன். இடுகாடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கார்டு ஹவுஸில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது.

காவலாளி நேப்பாளத் தம்பி. கெட்டவன் இல்லை, சவ வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். கையில் ஒரு டேப்லட். அதில் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வண்டி எண், வீட்டு எண், வந்த நோக்கம் என்று கட்டங்கள் இருக்கின்றன. வீட்டு எண்ணைப் போடாவிட்டால் அடுத்த பக்கம் போகாது, அடுத்த பக்கம் போகாவிட்டால் கம்பம் தூக்காது. இடுகாட்டுக்கு ஏது வீட்டு எண்? பாட்டியின் மருமகன் சொல்லிப் பார்த்தார். அவன் நான்கைந்து முறை எதையோ தட்டிப் பார்த்தான். நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தால் சனிக்கிழமை பிற்பகலில் யார் எடுப்பார்கள்? வெயில் மண்டையைப் பிளந்தது. மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். வேனில் இருந்த பெண்கள் முதலில் அழுதார்கள், அப்புறம் விசிறிக்கொண்டார்கள், அப்புறம் திட்ட ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பின்னால் அந்தத் தாமான்காரர்களின் கார்கள் வரிசை கட்டி நின்றன, அவர்களுக்கும் கோபம், அதுவும் நியாயம்தான்.

35 நிமிடம். கடைசியில் பின்னால் காரில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மா இறங்கி வந்து, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "என் வீட்டு நம்பரைப் போட்டு விடு" என்று காவலாளியிடம் சொன்னார். கம்பம் தூக்கியது. ஆக, கணினிக் கணக்குப்படி எங்கள் பாட்டி அன்றைக்கு அந்த அம்மா வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறார். வண்டிகள் திரும்பி வந்துவிட்டன, பாட்டி வரவில்லை. அவர் மேல் ஓவர்ஸ்டே என்று வழக்குப் போடாமல் இருந்தால் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கார்டு ஹவுஸ் நிற்கிற இடம் பழைய பெரட்டுக் களம், வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற இடம். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கேதான் பாட்டி வரிசையில் நின்று தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பெயர் கொடுத்தார், முப்பது வருஷத்துக்கு மேல். கடைசியாகப் போகும்போதும் அதே இடத்தில் நிறுத்திப் பெயர் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஐயா, கேட்பது ஒன்றுதான். இரண்டாம் டிவிஷன் சாலையைப் பொதுவழியாகப் பதிவு செய்து கொடுங்கள்.

உங்கள் கவுண்டரில் எங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் எனக்குப் புரிகிறது. அந்தத் தாமான் ஸ்ட்ராட்டா உரிமத்தில், அதாவது அடுக்குமாடிபோலப் பொது இடங்களை வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் உரிமத்தில் கட்டியது, தரை வீடுகளுக்கும் ஸ்ட்ராட்டா கொடுக்கலாம் என்று 2007-இல் சட்டம் திருத்திவிட்டார்கள், அதனால் உள்ளே ஓடும் சாலை நகராண்மைக் கழகத்துடையது இல்லை, அது "பொதுச் சொத்து" என்றார் கவுண்டரில் இருந்த பெண். பொதுச் சொத்துதானே, அப்படியானால் நாங்களும் போகலாமே என்று கேட்டேன். பொது என்றால் அங்கே வீடு வாங்கியவர்களுக்குள் பொது என்றார். இத்தனை வயதுக்குப் பிறகு பொது என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கற்றுக்கொண்டேன்.

சரி, அந்தச் சாலை யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் பகுதி நில நிர்வாகிக்கு வழியுரிமை ஏற்படுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கிறது, பட்டா உள்ள நிலத்தின் மேலும் கொடுக்கிறது. தனியார் வழியுரிமை, பொது வழியுரிமை என்று இரண்டு வகை அதில் இருக்கிறது. வேன் ஓட்டுகிறவனுக்கே இது தெரிகிறது என்றால் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்காது. மாவட்ட அதிகாரி அவர்களே, நில நிர்வாகி என்ற தொப்பியும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. நாங்கள் இல்லாத அதிகாரத்தைக் கேட்கவில்லை.

அந்தத் தாமானின் வரைபடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நகராண்மைக் கழகத்தில் ஒரு நல்ல மனிதர் எனக்குத் தளவமைப்பு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் இடுகாட்டைத் தேடித் தேடிப் பார்த்தேன். இடுகாடு என்று எங்கேயும் இல்லை. அந்த மூலையில் அழகாகப் பச்சை அடித்து "திறந்தவெளி" என்று எழுதியிருந்தது. வீடமைப்புத் திட்டம் என்றால் 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது விதி, அது நல்ல விதிதான், பிள்ளைகள் விளையாட வேண்டும். ஆனால் தாமானைக் கட்டிய மேம்பாட்டாளர் அந்தப் பத்தில் ஒரு பங்கை எங்கள் தாத்தா பாட்டிகளைக் கொண்டு நிரப்பியிருக்கிறார். என் அப்பா படுத்திருக்கிற இடத்தில் ஜாகிங் பாதை என்று புள்ளிப்புள்ளியாகக் கோடு போட்டிருந்தார்கள். இதற்கு ஒப்புதல் முத்திரை குத்தியவர் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை, தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன்.

ஏன் ஆட்சேபம் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்பீர்கள். சட்டம் 172, நகர கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நில உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பி 21 நாள் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. உரிமையாளருக்கு. நாங்கள் மூன்று தலைமுறையாகப் பக்கத்தில் இருக்கிறோம், உரிமையாளர் இல்லை. 2025-இல் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எத்தனை சத்தம், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு 30 வருஷத்துக்குட்பட்ட கட்டடம் என்றால் உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும், அதைத் தாண்டியதற்கு 75, கைவிட்ட கட்டடத்துக்கு 51, இது போதுமா போதாதா என்று காப்பிக்கடை வரை சண்டை. சண்டை போட வேண்டியதுதான், வீடு போகிற பயம் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் அந்த எண்களைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் ஒரு விழுக்காடுகூட யாரும் கேட்டதில்லை.

என் தாத்தாவைத்தான் திட்ட வேண்டும். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று ஜனங்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளே காசு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். தாத்தா பங்கு வாங்கவில்லை. "இவ்வளவு பெரிய தோட்டம் எங்கேடா போயிடப் போகுது" என்றாராம். தோட்டம் எங்கேயும் போகவில்லை தாத்தா, பெயர் மட்டும் "ஹைட்ஸ்" ஆகிவிட்டது. மேடு என்று சொல்ல ஒரு முழ உயரம் கிடையாது. மழைத்தண்ணீர் தேங்கத் தோண்டிய குட்டைக்கு "லேக்" என்று பலகை. இருந்த மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு, வாசலில் இயற்கையோடு வாழுங்கள் என்று இருபது அடியில் விளம்பரம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. அங்கே வீடு வாங்கியவர்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, வங்கிக் கடன் கட்டுகிறவர்கள் அவர்கள், திருட்டுப் பயம் அவர்களுக்கும் உண்டு. ராத்திரியில் கம்பத்தை இறக்கி வைப்பதைக்கூட நாங்கள் கேள்வி கேட்கவில்லை.

இடுகாடு மட்டுமில்லை, எங்கள் தமிழ்ப்பள்ளியும் அந்தச் சாலையின் கோடியில்தான் இருக்கிறது. என் வேனில் காலையில் 13 பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்டிக்கர் இல்லாத வண்டி என்பதால் தினமும் நிற்க வேண்டும், தினமும் ஐசி கொடுக்க வேண்டும். ஐசியைக் காவலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பாஸ் தருகிறார்கள். மழை நாளில் அந்த வரிசையில் நின்று நின்று பள்ளிக்கு மணி அடித்த பிறகு போய்ச் சேர்கிறோம். இரண்டு பெற்றோர்கள் போன வாரம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். 1957-இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்றைக்கு 530-க்கும் கீழே. தோட்டத்தை விட்டு ஜனங்கள் போகப் போகப் பள்ளிகள் தானாகக் காலியாயின என்று சொல்வார்கள். எங்கள் பள்ளி அப்படித் தானாகக் காலியாகவில்லை, ஐயா. நான் தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பத்துக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து தோட்டத்து 245 குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தன. நாங்கள் வீடு கேட்கவில்லை. நஷ்ட ஈடு கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த சாலையைக் கேட்கிறோம். இரண்டாம் டிவிஷன் சாலையைப் பள்ளி வரைக்கும் இடுகாடு வரைக்கும் பொதுவழியாகப் பதிவு செய்யுங்கள், வரைபடத்தில் அந்தப் பச்சையை அழித்து இடுகாடு என்று எழுதுங்கள். தீபாவளிக்கு முன்னால் செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். முந்தின நாள் காலையில் நாங்கள் எல்லோரும் குழிமேட்டுக்குப் பூவும் பத்தியும் எடுத்துக்கொண்டு போவோம், நாற்பது வண்டியாவது வரும். அத்தனை வண்டிக்கும் அந்த மலாய்க்கார அம்மாவின் வீட்டு எண்ணையே கொடுப்பது நன்றாக இருக்காது.

தயவுசெய்து கவனியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் டிவிஷன் லயத்துப் பள்ளி வேன்காரன்

பி.கு.: இதைப் படித்துவிட்டு அந்த நேப்பாளத் தம்பியை வேலையை விட்டு எடுத்துவிடச் சொல்லாதீர்கள். அவன் இடுகாட்டு வரைக்கும் நடந்து வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனான்.