செயலாளரின் ஆண்டறிக்கை 2024: நிறம் மாறும் சதைப்பற்றுக் கன்றுகளும் எமது மண்ணும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, பொருளாளர் அவர்களே, எமது வீட்டுத்தோட்டச் சங்கத்தின் அன்புக்குரிய அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தெரிவான நிர்வாகசபையின் சார்பில் 2024 ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சபையின் முன் சமர்ப்பிக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கார்த்திகைக் கூட்டம் மட்டும் வெள்ளம் காரணமாக மார்கழிக்குப் பிற்போடப்பட்டது. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு எமது கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டதும், அங்கத்தவர்கள் பலர் கைக்காசைச் செலவிட்டதும், சங்கமாக ஒரு நிலைப்பாட்டை எடுக்க வேண்டி வந்ததும் ஒரே விடயத்தைப் பற்றியே என்பதனால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகின்றேன்.

செம்பர்விவம் எனப்படும் சதைப்பற்றுத் தாவரத்தின் புதிய வர்க்கங்களுள் ஒன்றான ‘கோல்ட் நகெட்’ குளிர்காலத்தில் பொன்மஞ்சள் இதழடுக்காகவும், ஒவ்வோர் இலையின் நுனியிலும் செந்நிறம் தீட்டியதாகவும் தோன்றி, கோடையில் எலுமிச்சம் பச்சைக்கு மாறுவது. அதன் படங்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே அங்கத்தவர்களின் கைத்தொலைபேசிகளில் பரவின. அதைத் தொடர்ந்து தெற்கிலுள்ள ஒரு விற்பனையாளரிடமிருந்து, அந்த வர்க்கம்தான் என்ற உறுதியுடன், சில கன்றுகள் யாழ்ப்பாணத்துக்கு வரவழைக்கப்பட்டன. வெயிலுக்கும் வரட்சிக்கும் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, ஆண்டுக்கு இருமுறை நிறம் மாறும் என்றெல்லாம் சொல்லி விற்கப்பட்ட கன்றுகள் அவை. கோடையில் கிணறு வற்றும் எமது ஊரில் இவ்வாறான ஒரு கன்றுக்கு ஆசைப்படுவது இயல்பு என்பதையும், வாங்கியவர்களை எவரும் குறைகூற வேண்டியதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கின்றேன்.

செம்பர்விவத்தின் பிறப்பிடம் தென் ஐரோப்பாவின் மலைகளாகும். பிரனீசிலிருந்து அல்ப்ஸ், கார்ப்பதியன், போல்க்கன் மலைகளூடாகக் கோக்கசஸ் வரை, மண் மிகக் குறைந்த பாறை வெடிப்புகளில் அது வளர்கின்றது. ஏறத்தாழ 800 ஆம் ஆண்டளவில் சார்லமேன் மன்னனின் பெயரில் வெளியான பண்ணைக் கட்டளைகளில், தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரையில் இதை வளர்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கின்றது என்றால், அந்நாட்டு மக்களோடு அதற்குள்ள உறவு எவ்வளவு பழையது என்பது விளங்கும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரையிலான குளிரையும் அது தாங்கும். அதன் உறுதி இத்தகைய குளிருக்கும், வேரடியில் ஈரம் தங்காத பாறைக்கும் பழகிய உறுதியாகும். இரவிலும் தணியாத வெக்கையையோ, வாரக்கணக்கில் ஓயாத மாரியையோ அது கண்டதில்லை.

எமது அங்கத்தவர் ஒருவரின் தங்கை ரொறன்ரோவில் தமது வீட்டு வாசற்படியோரத்தில் இதே வர்க்கத்தை வளர்க்கின்றார். சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க அவர் மாதந்தோறும் படமெடுத்து அனுப்பிவந்தமைக்குச் சபையின் நன்றியைத் தெரிவிக்கின்றேன். தை மாதப் படத்தில், விலக்கிய பனிக்கு நடுவே கன்று பொன்னிறமாக இறுகக் கூம்பியிருந்தது. இலை நுனிகள் குங்குமச் சிவப்பாக இருந்தன. சித்திரையில் மஞ்சளின் அடியில் பச்சை ஊறத் தொடங்கி, ஆனியில் கன்று முழுவதும் இளம்பச்சையாகி அகல விரிந்து, தாயைச் சுற்றிக் குட்டிகள் மெல்லிய தண்டுகளில் எட்டிப் பார்த்தன. ஒக்ரோபர் முடிவில் மஞ்சள் மீண்டும் தெரிந்தது.

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் புரட்டாதிக் கூட்டத்தில் விரிவாகக் கலந்துரையாடினோம். பகல் வெளிச்சமாகவும் இரவு குளிராகவும் இருக்கும்போது இலையின் வளர்ச்சி மந்தமடைகின்றது. ஒளித்தொகுப்பில் உருவான வெல்லம் செலவழியாமல் இலையிலேயே தேங்குகின்றது. அந்நிலையில் அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் உருவாகின்றது. பச்சையம் குறையும்போது அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளித்தெரிகின்றன. குளிர் விலகி வளர்ச்சி வேகமெடுத்ததும் பச்சையம் மீண்டும் மேலோங்கி விடுகின்றது. இவ்வாறு நிறத்தை வரவழைப்பது பருவமே. எந்த உரமும் அதைச் செய்யாது. ரொறன்ரோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். இங்கு தை மாதத்தில்கூட இரவு வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. சித்திரை, வைகாசியில் இரவும் 27 பாகையளவில் நிற்கின்றது.

இரவு வெக்கை நிறத்தை மட்டுமல்ல, கன்றின் உயிரையும் பாதிக்கின்றது. சதைப்பற்றுத் தாவரங்கள் பல பகலில் இலைவாய்களை மூடி, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து அமிலமாகச் சேமித்து வைப்பவை. இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், எமது வேலியோரங்களிலும் காணப்படும் ரணகள்ளியின் இலை காலையில் புளித்து, நண்பகலில் சுவையற்றுப் போவதை 1813 ஆம் ஆண்டிலேயே கவனித்து எழுதியிருக்கின்றார். ரணகள்ளி வெப்பநாட்டுத் தாவரமாகையால் எமது இரவுகளில் இந்த வேலையைக் குறைவின்றிச் செய்துவிடுகின்றது. மலைக்குளிருக்குப் பழகிய செம்பர்விவமோ வெக்கையான இரவில் சேமிப்பதிலும் பார்க்கச் சுவாசத்தில் கூடுதலாக இழக்கின்றது.

கன்றுகளுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மாசியில் வந்திறங்கியபோது பொன்னிறம் ஓரளவு இருந்தது. பங்குனி முடிவதற்குள் எல்லாமே வெளிறிய பச்சைக்குத் திரும்பின. நிழலில் வைத்தவை நடுக்குருத்து நீண்டு, இலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி உருக்குலைந்தன. நேர்வெயிலில் வைத்தவற்றின் புற இலைகள் கருகின. எஞ்சியவற்றைக் கோடை முழுவதும் அங்கத்தவர்கள் கிடுகு நிழலில், சுண்ணக்கற் சல்லியும் மணலும் கலந்த சாடிகளில் பொறுமையாகக் காப்பாற்றினார்கள். சுண்ணக்கல் இத்தாவரத்துக்குப் பகையன்று என்பதும் இதனால் உறுதியானது. ஆனால், கார்த்திகை இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த பெருமழை அவற்றையும் முடித்துவிட்டது. கொக்குவிலில் ஓர் அங்கத்தவரின் விறாந்தையில் இருந்த கன்றை நாங்கள் கூடிநின்று பரிசோதித்தோம். மேல் இலைகள் குறையின்றித் தோன்றின. அடியிலைகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலையில் இருந்தன. விரல் பட்டதும் ஓசையின்றிக் கழன்று விழுந்தன. தண்டைக் குறுக்கே வெட்டியபோது நடுவில் கபில வளையமும் புளித்த மணமும் இருந்தன. அந்நிலையை அடைந்த கன்றுக்குப் பங்கசுநாசினி பயன்படாது. அழுகல் எட்டாத பக்கக் குட்டிகளைப் பிரித்துக் காயவைத்து நடுவது மட்டுமே வழி; அக்கன்றில் அவ்வாறான குட்டி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இந்த அனுபவத்தின் பின்னர் நிர்வாகசபை ஏகமனதாக எடுத்த நிலைப்பாடு, செம்பர்விவத்தை யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற கன்றாகச் சங்கம் பரிந்துரைப்பதில்லை என்பதாகும். எமது நாட்டில் அதன் நிறத்தைக் காண வாய்ப்புள்ள இடம், தை மாசியில் புற்றரையில் உறைபனி படியும் நுவரெலியாப் பகுதியே. விருப்பமுள்ளவர்கள் அங்குள்ள உறவினர் வீடுகளில் வளர்த்துப் பார்க்கலாம். ஆயினும் அங்கும் மழையிலிருந்து மறைப்புக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இத்துடன் மிகுந்த கரிசனையோடு ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கின்றேன். விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பயணப்பொதியில் இக்கன்றுகளையும் துண்டங்களையும் கொண்டுவருவதாக எம் செவிக்கு எட்டியுள்ளது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக் கன்றுகளுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரமும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வேரடி மண்ணோடு ஒரு மாவுப்பூச்சியோ வட்டப்புழுவோ வந்து சேர்ந்தால், அதன் விலையைச் செலுத்தப்போவது பக்கத்து வளவில் மிளகாயும் வெங்காயமும் வைத்திருக்கும் கமக்காரரே. சங்க அங்கத்தவர் எவரும் இதற்குத் துணைபோகக் கூடாது.

நிறம் மாறும் சதைப்பற்றுத் தாவரம் வேண்டும் என்ற அங்கத்தவர்களின் ஆசை நியாயமானது. அதை நிறைவேற்றும் வழி எமது பருவங்களிலேயே இருக்கின்றது. எமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் சோளகம் வீசும் நீண்ட வரட்சி உண்டு. ஆடி, ஆவணியில் தண்ணீர் குறைந்த நேர்வெயிலில் சோற்றுக் கற்றாழை செப்பு நிறமாகச் சிவப்பதையும், ஐப்பசி மழை விழுந்த பின்னர் அதே இலை அடியிலிருந்து பச்சையாவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். அழகென்று எண்ணியதில்லை, அவ்வளவுதான். வெயிலில் வைத்த ரணகள்ளியின் விளிம்பு சிவக்கின்றது. திருகுகள்ளியின் சிவப்பு வர்க்கம் வரட்சியில் நுனிக்கொம்புகள் செம்மஞ்சளாகி நிற்கின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதனால் சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது வேண்டாம்.

எல்லாவற்றிலும் என் மனதை ஈர்த்தது உமரிதான். கடனீரேரிக் கரைகளிலும் ஆனையிறவுப் பக்கத்து உவர்நிலங்களிலும் மாரியில் பச்சையாய்ப் படரும் இச்செடி, நீர் வற்றி உப்புச் செறிவு ஏற ஏற ஊதாச் சிவப்பாக மாறுகின்றது. இந்தச் சிவப்பைத் தருவது அந்தோசயனின் அன்று, பீற்றூட் கிழங்கில் உள்ள பீற்றாலைன் வகை நிறப்பொருள். உவர்நீர்க் கிணறுள்ள வளவுகளில் பிற பூக்கன்றுகள் வாடிப்போகும் மூலைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் துணிபு. ஆயினும் கரையோரத்தில் செடியைப் பிடுங்கி எடுப்பதைச் சங்கம் அனுமதிக்காது. விதையோ கிள்ளிய துண்டமோ போதும். சுண்டிக்குளம் தேசிய பூங்காவின் எல்லைக்குள் அதுவும் கூடாது.

வரும் ஆண்டுக்காக இரு முன்மொழிவுகளைச் சபையின் அங்கீகாரத்துக்கு விடுகின்றேன். முதலாவது, சங்க வளவின் மேற்குப் பக்கத்தில், மழைநீர் தேங்காதவாறு சல்லி பரப்பி உயர்த்திய பாத்தி ஒன்று அமைத்து, கற்றாழை, ரணகள்ளி, உமரி ஆகியவற்றின் நிறமாற்றத்தை மாதந்தோறும் ஒரே இடத்திலிருந்து படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவருவது. இரண்டாவது, வழக்கமாகத் தை மாதத்தில் நடத்தும் எமது பூங்கன்றுக் கண்காட்சியில் சதைப்பற்றுப் பிரிவை மட்டும் தனியே பிரித்து, நல்லூர்த் திருவிழா நிறைவடைந்த பின்னர், மாரி தொடங்குமுன் நடத்துவது. அவ்வேளையில்தான் இக்கன்றுகள் முழு நிறத்தில் இருக்கும். வெளிநாடுகளிலிருந்து திருவிழாவுக்கு வந்து தங்கியிருக்கும் உறவுகளும் வந்து பார்க்க முடியும்.

இவ்வண்ணம்,
செயலாளர்