கப்பல் வந்தபிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் கொள்முதல் மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், அதாவது இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் இடத்தில், ஆவணங்கள் பார்க்கிறவன். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி. உங்களில் பலரை எனக்குக் குரலாக மட்டும்தான் தெரியும். அந்தக் குரல் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வரும்: "கப்பல் வந்துவிட்டதாம், சரக்கை எப்போது எடுக்கலாம்?"

நேற்றும் அப்படி ஒரு அழைப்பு. பின்னாலேயே கைப்பேசியில் கோணலாக எடுத்த பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) படம் ஒன்றும், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டும் வந்தன. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் என்று இருந்தது இவ்வளவுதான்: "ஸ்பேர் பார்ட்ஸ், 14 பெட்டி." எந்த இயந்திரத்துக்கான பாகம், இரும்பா ரப்பரா, புதியதா பழையதா, ஒரு சொல் கிடையாது. மொத்த எடை பேக்கிங் லிஸ்டில் 2,140 கிலோ, பில் ஆஃப் லேடிங்கில் 2,410 கிலோ. யாரோ அவசரத்தில் தட்டியதில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. இதைச் சரிசெய்ய ஒரு விளக்கக் கடிதம், ஒரு திருத்த விண்ணப்பம், அதற்கொரு கட்டணம், குறைந்தது மூன்று நாள்.

தட்டச்சுப் பிழை எல்லோருக்கும் வரும், அதை விடுங்கள். என் புகார் வேறு. சரக்கு சுங்கத்தில் நிற்கிறது என்றால் சுங்கத்துறைதான் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரையில், பாதிக்கு மேல் அது நிற்பதற்கான காரணம் பல வாரங்களுக்கு முன்பே உங்கள் மேசையில் உருவாகியிருக்கும். விலை பேசி, கைகுலுக்கி, முன்பணமும் அனுப்பிவிடுகிறீர்கள். கப்பல் கரையைத் தொடும்போதுதான் எங்கள் ஞாபகம் வருகிறது. அப்போது எங்கள் கையில் இருப்பது கெஞ்சலும் விளக்கக் கடிதமும்தான்.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். விற்பவர் விலையோடு மூன்று எழுத்து சொல்வார்: எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., இ.எக்ஸ்.டபிள்யூ. என்று. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை 1936-இல் முதலில் வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள் இவை. இப்போது நடப்பில் இருக்கும் 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள். செலவை யார் ஏற்பது, சேதம் வந்தால் யார் தலையில் விடியும், ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களை யார் பார்ப்பது எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நீங்களோ அதை விலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால் மாதிரி பார்க்கிறீர்கள்.

சி.ஐ.எஃப். என்றால் உங்களுக்கு ஒரே நிம்மதி. கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர் பாடு என்று விட்டுவிடுகிறீர்கள். ஆனால் சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே, சேதத்துக்கான பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. நடுக்கடலில் நனைந்தால் அது உங்கள் சரக்கு. அவர் எடுத்துத் தரும் காப்பீடும் விதிப்படி குறைந்தபட்சமானதாக இருந்தால் போதும். சரக்குக் காப்பீட்டுக்கான பொது நிபந்தனைகளான இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸில் 'சி' வகை அது. தீ, கப்பல் தரைதட்டுவது, மோதல் மாதிரி பெரிய விபத்துகளுக்குப் பணம் வரும். திருட்டுக்கு வராது, கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்ததற்கும் வராது.

அதைவிடப் பெரிய வலி ஒன்று இருக்கிறது. கப்பல் கட்டணம் கட்டுகிறவர்தான் ஃபார்வர்டரை, அதாவது சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் நிறுவனத்தை, தேர்ந்தெடுப்பார். ஒருமுறை மூன்று கன மீட்டர் சரக்கு, எல்.சி.எல்., அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் வந்தது. விற்பவர் கொடுத்த கப்பல் கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வாங்கியவர் பூரித்துப்போனார். சரக்கு இறங்கியதும் அந்த ஃபார்வர்டருக்கு இங்கே உள்ள ஏஜென்டிடமிருந்து ஒன்பது வரியில் ஒரு பில் வந்தது. கன்டெய்னரிலிருந்து பிரித்ததற்கு, கையாண்டதற்கு, டெலிவரி ஆர்டர் கொடுத்ததற்கு, ஆவணத்துக்கு, அப்புறம் பெயரைப் படித்தும் எதற்கென்று புரியாத இரண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த ஏஜென்டோடு பேரம் பேச முடியுமா? முடியாது, அவருடைய வாடிக்கையாளர் நீங்கள் அல்ல. அங்கே கப்பல் கட்டணத்தை விட்டுக்கொடுத்தவர் இங்கே உங்களிடம் எடுத்துக்கொள்கிறார்.

இ.எக்ஸ்.டபிள்யூ. இதற்கு நேர் எதிர்த் தொல்லை. விற்பவர் தன் தொழிற்சாலை வாசலில் சரக்கை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். அவர் நாட்டு ஏற்றுமதிச் சுங்கம்கூட உங்கள் வேலை. அந்த நாட்டில் உங்களுக்குப் பதிவே இருக்காது. சரி, கப்பலில் ஏறும்வரை விற்பவர் பொறுப்பு என்கிற எஃப்.ஓ.பி. போடலாம் என்றால், கன்டெய்னர் சரக்குக்கு அது பொருந்தாது என்று சர்வதேச வணிகச் சபையே சொல்கிறது. கன்டெய்னரை விற்பவர் யார்டில் ஒப்படைத்து நாலைந்து நாள் கழித்துத்தான் அது கப்பலில் ஏறும். அந்த இடைவெளியில் ஏதாவது ஆனால் சண்டைதான். ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறும் எஃப்.சி.ஏ. இதற்கென்றே இருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் வாய்ப்பழக்கத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள். நான் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அந்த 14 பெட்டிக்குத் திரும்புகிறேன். பெட்டிக்குள் என்ன என்று கேட்டபோது, "எல்லாம் பம்புக்கான பாகம்தான், ஒரே எச்.எஸ். கோடு போட்டுவிடுங்கள்" என்று பதில் வந்தது. பொருட்களைச் சுங்கத்துக்காக வகைப்படுத்தும் எண்தான் எச்.எஸ். கோடு, உலகச் சுங்க அமைப்பு வகுத்தது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் பொது, அதற்கு மேல் அந்தந்த நாட்டின் விருப்பம். பம்பின் பாகம் என்பதாலேயே ஒரு பொருள் பம்புக்கான 8413 என்ற தலைப்பில் போய் உட்காராது. உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கட் 4016-இல் போகும். எஃகு போல்ட்டும் நட்டும் 7318. பால் பேரிங் எந்த இயந்திரத்துக்குப் போனாலும் 8482. எங்கும் தனித்தலைப்பு இல்லாத, அந்தப் பம்புக்கென்றே செய்த பாகம்தான் பம்போடு சேரும். ஆக உங்கள் ஒரு வரி இன்வாய்ஸுக்குள் நான்கு தலைப்பு, நான்கு வரி விகிதம் இருக்கலாம். ஒவ்வொன்றின் எடையும் விலையும் தனித்தனியாக இல்லாமல் நான் எதை வைத்துத் தாக்கல் செய்வது?

"விற்பவர் இன்வாய்ஸில் கோடு போட்டிருக்கிறாரே" என்பீர்கள். அவர் தன் ஏற்றுமதி வசதிக்குப் போட்டது அது. தவறென்று தெரிந்தால் அபராதம் கட்டப்போவது அவர் அல்ல. உண்மையிலேயே குழப்பமான பொருள் என்றால் முன்கூட்டியே சுங்கத்துறைக்கு எழுதிக் கேட்டு, அவர்களைக் கட்டுப்படுத்தும் பதிலை வாங்கலாம். 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் அந்த வழியை வைத்திருக்கிறது. கப்பல் வரும் முன்பே ஆவணத்தைத் தாக்கல் செய்யும் வழியும் அதில் உண்டு. இரண்டுக்கும் தேவை நாட்கள். அதைத்தான் நீங்கள் எங்களுக்குத் தருவதில்லை.

இன்வாய்ஸ் விலைதான் வரிக்கான மதிப்பு என்பதும் எப்போதும் சரியல்ல. அச்சு உங்களுடையது, அதை விற்பவருக்கு இலவசமாக அனுப்பி அதில் பொருள் வார்த்து வாங்குகிறீர்கள் என்றால், அச்சின் மதிப்பில் உரிய பங்கை விலையோடு கூட்டிக் காட்ட வேண்டும். சரக்கு விற்பனையின் நிபந்தனையாகக் கட்டும் ராயல்டியும் அப்படியே. இதை நீங்களாகச் சொன்னால் ஒரு கணக்கு. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையில் அவர்கள் கண்டுபிடித்தால் அதன் பெயர் வேறு.

இப்போது இரண்டு கட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்று ஒரு இயந்திரம் வந்திருந்தது. ஆவணம் அத்தனையும் சுத்தம், எனக்கே பெருமையாக இருந்தது. சோதனைக்குக் கன்டெய்னரைத் திறந்தார்கள். மரப்பெட்டியில் கோதுமைக் கதிர் மாதிரிப் படத்தோடு, மரம் பதப்படுத்தப்பட்டது என்று காட்டும் ஐ.பி.பி.சி. முத்திரை பளிச்சென்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். பெட்டி ஆடாமல் இருக்க, தரையோடு தரையாக இரண்டு கட்டைகளை யாரோ கடைசி நேரத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். முத்திரை இல்லை. ஒன்றில் மரப்பட்டைகூட உரிக்கப்படாமல் இருந்தது. அதிகாரி நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

மரப் பேக்கிங்குக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி பெட்டிக்கும் பலகைக்கும் மட்டும் உரியதல்ல, இந்த முட்டுக்கட்டைகளுக்கும் உரியது. வெப்பமூட்டும் முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும், அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும் புழு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒட்டுப்பலகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பசையும் சூடும் அழுத்தமும் சேர்ந்து செய்தது அது. "முட்டுக்கொடுக்கும் கட்டையிலும் முத்திரை வேண்டும், இல்லையென்றால் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துங்கள்" என்று ஆர்டரில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அந்த இயந்திரம் பதினொரு நாள் கழித்து வெளியே வந்தது.

அந்தப் பதினொரு நாளுக்கும் வாடகை உண்டு. கன்டெய்னர் யார்டில் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலியைத் திருப்பித்தரத் தாமதித்தால் டிட்டென்ஷன். துறைமுகத்தின் இடவாடகை பெரும்பாலும் தனிக்கணக்கு. நாள் ஏற ஏற விகிதமும் ஏறும். இலவச நாள் ஐந்து என்பதைப் பத்தாகவோ பதினான்காகவோ ஆக்க ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறது, புக்கிங் போடும் நேரம். அப்போது கேட்டால் பல கப்பல் நிறுவனங்கள் தருகின்றன. கப்பல் வந்தபிறகு கேட்டால் எந்த நிறுவனம் தன் வருமானத்தை விட்டுத்தரும்? கேட்கும் உரிமை கட்டணம் கட்டுகிறவருக்கு. சி.ஐ.எஃப்.-இல் அவர் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பில் ஆஃப் லேடிங் பற்றி இரண்டு வரி. கப்பல் ஆறு நாளில் வந்துவிடும் தூரத்துக்கு அசல் பில்லை வங்கி வழியாக வரவழைக்காதீர்கள். பில் வந்து சேரும்போது இலவச நாள் தீர்ந்திருக்கும். நம்பிக்கையான விற்பவர் என்றால், அசல் பில் இல்லாமலே சரக்கை எடுக்க வழி செய்யும் சீ வேபில் அல்லது டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள்.

காப்பீடு தண்டச்செலவு என்று சொல்பவர்களுக்கு 2021-ஐ நினைவுபடுத்துகிறேன். மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கப்பலின் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் அத்தனை பேரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ளும் பழைய கடல் வழக்கம் அது. உங்கள் கன்டெய்னருக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம், ஆனாலும் பிணை கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். காப்பீடு வைத்திருந்தவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனம் உறுதிக்கடிதம் கொடுக்கும். இல்லாதவர்கள் ரொக்கமாக வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

எங்கள் தரப்பிலும் குற்றம் இருக்கிறது. வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயத்தில் "ஆகிவிடும் சார், பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே உங்களைக் கெடுத்தது நாங்கள்தான். அந்தச் சொல்லை நான் இந்த வருடம் விட்டுவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் விற்பவரின் ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், பொருளின் கேட்லாக் பக்கம், பேசிய விலை நிபந்தனை, பேக்கிங் எப்படி என்ற விவரம், இவ்வளவையும் எனக்கோ உங்கள் ஏஜென்டுக்கோ அனுப்புங்கள். பேட்டரி, ரசாயனம் ஏதாவது உள்ளே இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். எந்தக் கோடு, என்ன வரி, எந்தத் துறையின் அனுமதி வேண்டும், எத்தனை இலவச நாள் கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்ப எனக்கு அரை நாள் போதும்.

அந்த 14 பெட்டிக்காரருக்கு நேற்று மாலையே ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறேன். முதல் கேள்வி, ரப்பர் மட்டும் எத்தனை கிலோ. இன்னும் பதில் இல்லை. ஐந்து இலவச நாளில் இரண்டு போய்விட்டது.

இப்படிக்கு,
கிளியரிங் மேசையிலிருந்து ஒருவன்