மாத்திரை தரும் இடத்திலேயே மனநல ஆலோசனையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை பதினாறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்து வருகிறாள். குடியாத்தத்தை அடுத்த கிராமம் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கிறாள். கணவர் இறந்துவிட்டார். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்க் கூட்டு மருந்து (பல மருந்துகள் சேர்ந்த மாத்திரை) வாங்கிவர அவளுக்குத் துணையாகப் போவது நான்தான். அந்தப் பயணங்களில் கண்டதை வைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மருந்துப் புட்டி கைக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, குழாயடிக்குப் போய் அதன்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை நனைத்து நகத்தால் சுரண்டி எடுப்பதுதான். அடுத்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பஞ்சைப் புட்டிக்குள் திணிப்பாள். பேருந்து குலுங்கும்போது மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன மருந்து என்று கேட்டுவிடுவார் என்ற பயம். வீட்டில் அந்தப் புட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். பெற்ற பிள்ளைகளிடமே சத்து மாத்திரை என்று சொல்லித்தான் வளர்த்தாள். உடலில் உள்ள கிருமியை அடக்க ஒரு மாத்திரை போதும். இப்படி இரவுதோறும் ஒளித்து ஒளித்து வாழ்வதால் மனத்துக்கு நேர்கிற சேதத்துக்கு என்ன மருந்து என்று அவளிடம் யாரும் பல ஆண்டுகள் பேசியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வைரஸ் அளவுப் பரிசோதனையில் எண்ணிக்கை திடீரென ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் மையத்தில் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். கணக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்படியும் ஏன் ஏறியது என்று கடிந்துகொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடுத்த முறை போனபோது, புதிதாக வந்திருந்த ஆலோசகர் ஒருவர் புட்டியைத் தொடாமல், "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், அரை மணி நேரம் அழுதாள். நான்கு மாதங்களாக, இரவில் ஒரு மாத்திரை வீதம், தவறாமல் எடுத்துச் சாக்கடையில் போட்டிருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நேரம் அது. "எதுக்கு முழுங்கணும்னு தோணுச்சுக்கா" என்று திரும்பி வரும்போது பேருந்தில் என்னிடம் சொன்னாள். பக்கத்திலேயே இருந்த எனக்கும் அது தெரியாமல் போனதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், மனச்சோர்வு வந்தவர் மருந்தைக் கைவிடும் வாய்ப்பு அதிகம் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். அந்தக் காலத்தில் அவள் சாப்பிட்ட எஃபாவிரென்ஸ் என்னும் மருந்துக்கே பயங்கரக் கனவு, தலைசுற்றல், மனச்சோர்வு ஆகியவை பக்கவிளைவுகளாக உண்டு. இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை எவ்வளவோ மேலானது. ஆனாலும் சிலருக்கு அதிலும் தூக்கம் கெடுகிறது. தூக்கம் எப்படி என்ற கேள்வி பரிவினால் கேட்கப்படுவது மட்டுமல்ல, சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த ஆலோசகர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அது வேறு கட்டடம், வேறு நாள், வேறு வரிசை. தங்கை மறுத்துவிட்டாள். "ஏற்கெனவே ஒரு பேரு இருக்குது, பைத்தியம்னு இன்னொண்ணும் வேணுமா?" என்றாள். எங்கள் பக்கத்தில் ஒருவரை "பாகாயம் கூட்டிட்டுப் போ" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்து மனநோய்க்கு மருத்துவம் பார்க்கும் முறையை நாட்டில் முன்னோடியாகச் செய்துகாட்டிய இடங்களில் ஒன்று, பாகாயத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம். அதன் பெயரை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அவளைச் சம்மதிக்கவைக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களும் நான் சரியாகத் தூங்கவில்லை.

1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவ மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சேகரித்த இரத்த மாதிரிகளுடன் இரவு ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. தொழுநோயாளிகளை ஊரே ஒதுக்கிய காலத்தில் 1955-இல் கரிகிரியில் அவர்களுக்கென மருத்துவமனை எழுந்ததும் இதே மாவட்டத்தில்தான். ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே நான் கேட்பது பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு குறிப்பிட்ட நாள்களில் வெளியூர் மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறது. அந்த நாள்களில் ஒன்றை, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கூட்டு மருந்து வழங்கும் நாளோடு பொருத்தி, அதே மையத்துக்குள் அவர்களை உட்காரவைத்தால் போதும். இன்னொரு சீட்டு வேண்டாம், இன்னொரு வரிசை வேண்டாம். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்தாற்போல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளை, மாத்திரை எண்ணுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சிகிச்சைப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். கேட்கும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும். நாங்கள் போன மையத்தில் துணித் திரைதான் தொங்கியது. உள்ளே பேசுவது பெஞ்சில் காத்திருப்பவர் காதில் அப்படியே விழும். ஒரே நாளில் இத்தனை பேரைப் பார்க்கும் ஆலோசகர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர்களுக்குப் போதிய பயிற்சியும் கூடுதல் ஆள்களும் தருவது அரசின் கடமை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. "உயிர்க்கொல்லி நோய்" என்ற சொல்லை இன்னும் சில செய்திகளில் பார்க்கிறேன். 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக இது பரவுவதில்லை. அவர் மற்றவர்களைப்போல நெடுங்காலம் வாழ முடியும். என் தங்கை ஒரு நாள் பொட்டலம் மடித்துவந்த பழைய தாளில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் என்று எழுதுங்கள். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதையும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் அவ்வப்போது அச்சிட்டால், அது தெரியாமலே அஞ்சிக் கிடக்கும் குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். எச்.ஐ.வி. குறித்த கட்டணமில்லா உதவி எண் 1097, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இவ்விரண்டையும் உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் முதல் நாளில் மட்டும் போடாமல், மாதம் ஒருமுறையாவது கடைசிப் பக்கத்து மூலையிலேனும் போடுங்கள்.

இப்போது தங்கை கூட்டு மருந்து, மனச்சோர்வுக்கான மருந்து இரண்டும் சாப்பிடுகிறாள். மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. புட்டிக்குள் பஞ்சு வைப்பதை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. என் பெயரை வெளியிட்டால் ஊரார் அவளை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால், அதைத் தவிர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.