தாட்டானைப் பிடித்தால் கூட்டம் போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடலோரத் தென்னந்தோப்புகளில் குரங்குத் தொல்லை பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தாட்டானை, அதாவது கூட்டத்தின் பெரிய ஆண் குரங்கை, பிடித்துக் காட்டில் விட்டால் மற்றவை தானாகக் கலைந்துவிடும் என்பது அவர் யோசனை. ஊர்க்கூட்டங்களிலும் இதையேதான் சொல்கிறார்கள். குரங்குக் கூட்டம் யாருடையது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வரும் யோசனை இது.

நம் பகுதியில் உள்ள நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. உச்சந்தலை மயிர் குல்லாய்போல் விரிந்திருப்பதை வைத்து அடையாளம் காணலாம். இதன் கூட்டம் மந்திகளின், அதாவது பெண் குரங்குகளின், குடும்பம். பாட்டி, தாய், மகள், பேத்தி எல்லாம் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடியும். தாயின் தகுதி மகளுக்கு வரும். தண்ணீர்த் தொட்டியில் முதலில் வாய் வைப்பது யார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாலே வரிசை தெரிந்துவிடும். ஆண்களான கடுவன்களோ பருவம் வந்ததும் வெளியேறி வேறு கூட்டத்தில் சேர்கின்றன. ஆக, தாட்டான் வீட்டோடு மாப்பிள்ளைதான். அவனைத் தூக்கினால் அந்த இடத்துக்கு அடுத்த கடுவன் வரும். மந்திகள் தோப்பை விட்டு நகராது.

ஒரு கூட்டத்தில் பல கடுவன்கள் இருக்கும். ஒன்றையொன்று கட்டிப்பிடித்து, பேன் பார்த்து, ஒட்டி உட்கார்ந்திருக்கும்; குரங்கினத்தில் இவ்வளவு இணக்கமான ஆண்கள் குறைவு. புதிய ஆண் வந்தால் குட்டிகளைக் கொன்றுவிடும் என்று சிலர் பயமுறுத்துவது சாம்பல் மந்தி என்ற வேறொரு குரங்கினத்தின் கதை. 1960களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வாட் காடுகளில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா அதைப் பதிவு செய்தார். அங்கே பெரும்பாலும் ஒரே ஆண் ஆளும் கூட்டம். இங்கே ஒரு மந்தி பல கடுவன்களோடு இணையும். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கருத்தடையில் கோட்டை விடுவதும் இந்த இடத்தில்தான். கடுவனுக்குச் செய்வது எளிது, செலவும் குறைவு என்று அதில் தொடங்குகிறார்கள். பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்தாலும், மிஞ்சிய ஒன்று போதும் எல்லா மந்திகளும் சினையாக. பத்துக்கும் செய்துவிட்டாலும் அடுத்த ஆண்டு வெளியிலிருந்து புதியது வந்து சேரும். பணம் போடுவதானால் மந்திகளுக்குப் போட வேண்டும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். இணைசேர்வது பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. சினைக்காலம் ஏறக்குறைய 5½ மாதம். குட்டிகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிறக்கும், ஒரு ஈற்றுக்கு ஒன்று. கோடை விடுமுறை நேரத்தில் புகார் குவிகிறது என்று அப்போது கூண்டு வைத்தால், வயிற்றைக் கவ்விய பச்சைக்குட்டியோடு தாய் சிக்கும். அல்லது தாய் உள்ளே, குட்டி வெளியே. டிசம்பர், ஜனவரியில் பிடித்தால் சினையாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான காலம்: குட்டி தானே இரை பொறுக்கும், மந்தி இன்னும் சினையாகியிருக்காது.

கூண்டைக் கொண்டுவந்த அன்றே கதவை விழவிடக் கூடாது. சில நாள் கதவைத் திறந்தே கட்டிவைத்து, உள்ளே கடலை, வாழைப்பழம் போட்டுப் பழக்க வேண்டும். முதலில் நுழைபவை துணிந்த இளங்கடுவன்களும் தகுதி உயர்ந்தவையும். தகுதி குறைந்த மந்திகள் ஓரத்தில் காத்திருந்து கடைசியாகத்தான் வரும். அவசரப்பட்டு நாலைந்தோடு கதவை மூடினால், பார்த்துக்கொண்டிருந்த மற்றவை பிறகு அந்தக் கூண்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. சிறு கூண்டுகள் பலவற்றைவிடக் கூட்டத்தையே கொள்ளும் பெரிய கூண்டு ஒன்று மேல். அறுவை முடிந்து புண் ஆறியதும் அடையாளக் குறியிட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாள் தள்ளினால் கூட்டத்தில் அதன் இடம் பறிபோய், திரும்பியதும் கடிபடும்.

காட்டில் விடலாமே என்றால், எந்தக் காட்டில்? நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மலையும் இல்லை, அடர்காடும் இல்லை; இருப்பது பனை, உடைமரம், சீமைக்கருவேல். அடுத்த மாவட்டத்து மலையடிவாரத்தில் இறக்கினால், அங்குள்ள கூட்டம் விரட்டும். சோறு தின்று பழகியவை நேரே பக்கத்து ஊருக்கு இறங்கும். இங்கே காலியான தோப்புக்கு வேறு கூட்டம் வந்து சேரும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பிடிப்பதே குற்றம். கூண்டுக்கு ஒப்பந்தம் விடும் ஊராட்சிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேது கட்டிய படை என்று சொல்லி வண்டியை நிறுத்திப் பொரியும் பழமும் வீசுகிறோம். நல்ல தீனி கிடைத்தால் மந்தி சீக்கிரம் பருவமடையும், ஓராண்டு இடைவெளி விடாமல் ஆண்டுதோறும் ஈனும். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் குப்பைத் தொட்டிக்கு நாதாங்கி உள்ள மூடி போடாமல் கருத்தடை செய்வது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதுதான். ஆகஸ்ட்டில் கூண்டு வைப்பதானால் மே மாதமே அந்த மூடிகள் போட்டாக வேண்டும். வெளியே தீனி இருக்கும்வரை கூண்டுக் கடலையை எந்த மந்தியும் சீந்தாது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்