ஹைட்ரஜன் செட் நாங்கள் ஏன் விற்பதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்ததாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. அதிலிருந்து கடையில் ஒரே கேள்வி: “மாடியில பேனல் இருக்கு, பகல்ல மிஞ்சுற கரண்டை ஹைட்ரஜனா மாத்தி வெச்சுக்கலாமா?”

மாற்றலாம். ஆனால் உங்களுக்குக் கட்டாது.

3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 முதல் 55 யூனிட் பிடிக்கும். ஒரு நாள் கரண்ட் மொத்தத்தையும் போட்டாலும் தேறுவது 220 கிராம்தான். அதை ஃப்யூயல் செல்லில், அதாவது ஹைட்ரஜனை மறுபடி கரண்டாக்கும் கருவியில், விட்டால் மூன்றரை யூனிட் திரும்பி வரும். அதே 12 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் வைத்தால் பத்துக்குக் குறையாமல் கிடைக்கும்.

அப்புறம் வைப்பதற்கு இடம். அழுத்தாமல் விட்டால் அந்த 220 கிராமுக்கே ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் இரண்டரை வேண்டும். அழுத்திச் சிலிண்டரில் அடைக்கக் கம்ப்ரசர், அதற்கும் கரண்ட். சமையல் கேஸ் காற்றில் 2 முதல் 10 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும்; ஹைட்ரஜன் 4-லிருந்து 75 வரை பற்றும். வாசனை கிடையாது, பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் தண்டையார்பேட்டை வீடுகளில் இதை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீரும் சும்மா இல்லை. உப்பு நீக்கிய சுத்த நீர் வேண்டும். நம் போர் தண்ணீர் ஊற்றினால் மெஷின் போச்சு. கடையில் ஒரு டம்ளரில் பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி இரண்டை நிறுத்தி 9 வோல்ட் பேட்டரி கொடுத்துக் காட்டினோம். சமையல் சோடா போட்டபோது குமிழி அழகாக வந்தது. பையன் சும்மா இருக்காமல் மறுமுறை கல் உப்பைப் போட்டுவிட்டான். கிளம்பியது குளோரின், நீச்சல் குள நாற்றம். கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். “வண்டி தண்ணீரில் ஓடும்” என்று வீடியோவில் விற்கும் கிட்டுகளையும் வாங்காதீர்கள். அவற்றில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குழாயில் கலந்தே வரும்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறதே என்பதுதான் பலருடைய உண்மையான குறை. கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். அந்தக் குறை தீர, பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் அளவான பேட்டரியும் போதும். வரும்போது கரண்ட் பில்லை எடுத்து வாருங்கள், ராத்திரிக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் சோலார் கடைக்காரர், தண்டையார்பேட்டை