சென்டரிங் பிரிக்கிற நாள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்கு மேற்கே மெய்டன்ஹெட் என்ற ஊருக்குப் போயிருந்தேன். தேம்ஸ் ஆற்றின் மேல் அங்கே ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறது. பார்த்ததுமே உங்கள் ஞாபகம்தான் வந்தது.

பாலம் முழுக்கச் செங்கல். ஆற்றுக்கு மேலே இரண்டே ஆர்ச். ஒவ்வொன்றும் 128 அடி நீளத்துக்குத் தாண்டுகிறது, ஆனால் நடுவில் எழும்புவது வெறும் 24 அடி! அரைவட்டமாகக் கட்டியிருந்தால் 64 அடி எழும்பியிருக்கும். ரயிலுக்கு மேடு ஆகாது, கீழே படகும் போக வேண்டும். அதனால் பிரூனல் என்ற இன்ஜினியர் இப்படித் தட்டையாக இழுத்துவிட்டார். ஆர்ச் தட்டையாகத் தட்டையாகப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை கூடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது நிற்காது என்று அன்றைக்குப் பலர் அடித்துச் சொன்னார்களாம்.

1838இல், ஆர்ச்சைத் தாங்க அடியில் நிறுத்தியிருந்த மரச் சட்டத்தை, அதாவது சென்டரிங்கைத் தளர்த்தியபோது கிழக்கு ஆர்ச்சில் செங்கல் வரிசைகள் விலகின. பார்த்தீர்களா, உடனே எல்லாரும் கணக்கைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். உண்மையில் சிமென்ட் இறுகுவதற்கு முன்பே ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டிருக்கிறார். அவரே ஒப்புக்கொண்டு அதைச் சரிசெய்தார். நம் வீட்டுத் தளம் போட்டபோது, 21 நாள் ஆகாமல் முட்டில் கை வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் நீங்கள் போட்ட சண்டை இங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1839 ஜூலையில் மேலே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பயம் விடவில்லை, சென்டரிங் கீழேயே நின்றது. ஆர்ச்சைத் தொடாமல் அதை ஏற்கெனவே தளர்த்தியிருந்தார்கள், சும்மா பேருக்கு நின்றது. பிறகு ஒரு புயல் அடித்து மரச் சட்டங்கள் அத்தனையும் சரிந்து விழுந்தன. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது.

நாம் காங்கிரீட் தளத்துக்குச் சொல்கிற 'சென்டரிங்' என்ற சொல்லே இந்த ஆர்ச் வேலையிலிருந்து வந்ததுதான். ஆர்ச்சைத் தாங்கும் மரச் சட்டத்துக்கு இவர்கள் வைத்த பெயர் அது.

வெல்ஸ் என்ற ஊரின் பெரிய தேவாலயத்தையும் பார்த்தேன். 1300களில் கோபுரத்தை உயர்த்திக் கட்டியதும் பாரம் தாங்காமல் விரிசல் விட்டிருக்கிறது. கீழே ஒரு ஆர்ச், அதன் தலையில் தலைகீழாக இன்னொரு ஆர்ச் என்று மூன்று பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1338இல் தொடங்கிப் பத்து வருட வேலை. ஊரே அதைப் பார்த்து மயங்குகிறது. எனக்கென்னவோ அவசரத்துக்குக் கொடுத்த முட்டாகத்தான் தெரிந்தது, அழகான முட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மெய்டன்ஹெட்டில் ஒரு ஆர்ச்சுக்கு அடியில் நடைபாதை போகிறது. கை தட்டினால் எதிரொலி திரும்பத் திரும்ப வருகிறது. நானும் தட்டினேன். பக்கத்தில் நாயோடு வந்த பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீங்கள் வந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அரை நாள் நிற்பீர்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டீர்களா?

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்